மூன்று புள்ளியா, மூலையா

றக்பியில் ட்ரை விழும்போது அரங்கே எழுந்து நிற்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது, நடுவர் பெனல்டிக்கு விசில் ஊதிய பிறகு வரும் அந்த அரை நிமிடம். பந்து யாருக்கு என்பது தீர்ந்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது என்பது தீரவில்லை. முன்வரிசைப் பையன்கள் முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்குகிறார்கள். தண்ணீர்ப் போத்தலோடு ஒருவர் உள்ளே ஓடுகிறார். தண்ணீரோடு சேர்த்துக் கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்றுநரின் செய்தியையும் கொண்டுபோகிறார். அணித் தலைவன் கம்பங்களைப் பார்க்கிறான், மூலைக்கொடியைப் பார்க்கிறான், பிறகு புள்ளிப் பலகையை.

அவன் முன்னால் நான்கு வழி இருக்கிறது. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி. மூலையைப் பார்த்து டச்சுக்கு, அதாவது பக்கக் கோட்டுக்கு வெளியே, உதைத்தால் உடனே புள்ளி கிடையாது. ஆனால் எதிரணியின் கோட்டுக்குச் சில மீற்றர் இப்பால் லைன் அவுட், இரண்டு வரிசைகளுக்கும் நடுவே பந்தை எறிவதும் நாமே. அங்கே பிடித்து, பிடித்தவனைச் சுற்றி மோல் கட்டித் தள்ளிக்கொண்டு போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தோடு விழுந்தால் அதுதான் ட்ரை, ஐந்து புள்ளி; அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வேர்ஷனும் சேர்ந்தால் ஏழு. மூன்றாவது, ஸ்க்ரம் கேட்பது. நான்காவது, எதிரணி அசந்து நிற்கும்போதே பந்தைக் காலால் தட்டியெடுத்து ஓடுவது. இதைப் பெரும்பாலும் ஒன்பதாம் இலக்கச் சட்டைக்காரன் யாரையும் கேட்காமல் செய்துவிட்டுப் பிறகு திட்டு வாங்குவான். கம்பத்துக்குத்தான் என்று நடுவரிடம் காட்டிவிட்டால் மாற்ற முடியாது. ஒரு நிமிடத்துக்குள் உதைத்தாக வேண்டும்.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்லி ஆடும் ஆட்டம் றக்பிக்குப் பிறந்ததுதான். இந்த முடிவு அங்கே ஆட்டம் முழுக்க, சில நிமிடத்துக்கொரு தடவை வருகிறது. பத்து யார் முன்னேற நான்கு வாய்ப்பு. மூன்றிலும் முடியாவிட்டால் நான்காவதை என்ன செய்வது? பந்தைத் தூர உதைத்து எதிரணியிடமே கொடுத்துவிடலாம். அவர்கள் நாற்பது யாராவது பின்னாலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதற்குப் பண்ட் என்று பெயர். கம்பம் கிட்ட இருந்தால் மூன்று புள்ளிக்கு உதைக்கலாம். அல்லது மிச்சமுள்ள ஒரு யாரையோ இரண்டு யாரையோ எடுத்தே தீருவது என்று மோதலாம். தவறினால் நின்ற இடத்திலேயே பந்து அடுத்தவர் கைக்குப் போகும். நம் பக்கத்தில் அந்த ஆட்டத்துக்கு ஆள் இல்லை. 2012-இல் எலைட் ஃபுட்போல் லீக் ஒஃப் இந்தியா என்று ஒரு தொடரைக் கொழும்பில்கூட ஆடிப்பார்த்தார்கள். வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஆனாலும் நான்காவது வாய்ப்பைப் பற்றி அங்கே நடந்திருக்கும் வாதம், கண்டியில் றக்பி பார்க்கிறவனுக்கு நன்றாகவே உதவும்.

அதைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் ஆட்டக்காரர். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் வேர்ஜில் கார்ட்டர். மைதானத்தின் எந்த இடத்தில் பந்து கையிலிருந்தால் அது எத்தனை புள்ளிக்குச் சமம் என்று, ரொபர்ட் மக்கோல் என்பவரோடு சேர்ந்து 1971-இல் கணக்குப் போட்டு வெளியிட்டார். ஆனால் வாதத்தைச் சூடாக்கியவர் பேர்க்லிப் பொருளியல் பேராசிரியர் டேவிட் ரோமர். 1998 முதல் 2000 வரை மூன்று பருவ ஆட்டங்களின் முதற்கால் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். மிச்சப் பகுதிகளில் யார் முன்னால், நேரம் எவ்வளவு என்பதெல்லாம் சேர்ந்து கணக்கைக் குழப்பிவிடும் என்பதால். 2006-இல் அச்சான அந்தக் கட்டுரையின் முடிவு எளியது: மோதியிருக்க வேண்டிய இடங்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது தடவை அணிகள் உதைத்திருக்கின்றன. கோட்டுக்கு இரண்டு யார் தொலைவில் மோதித் தோற்றாலும் முழு நட்டமில்லை. எதிரணி தன் வாசற்படியிலிருந்து புறப்பட வேண்டியிருக்கிறது, அதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைப் பயிற்றுநர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

கோடிக்கணக்கான டொலர் புழங்கும் இடத்தில், ஆட்டத்தையே உண்டு உறங்குகிறவர்கள், ஏன் இப்படித் திரும்பத் திரும்பத் தவறுகிறார்கள்?

2009 நவம்பர் 15 இரவு இதற்குப் பாதிப் பதில் கிடைத்தது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி இண்டியானாபொலிஸில் 34-28 என்று முன்னால் நிற்கிறது. இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் பாக்கி. பந்து தன்னுடைய பக்கத்து 28-ஆவது யாரில். நான்காவது வாய்ப்பு, தேவை இரண்டு யார். உதைத்துத் தூரம் வாங்குவதுதான் ஊர் வழக்கம். பயிற்றுநர் பில் பெலிச்சிக் மோதச் சொன்னார். எதிர்ப்பக்கம் குவாட்டர்பேக்காகப் பெய்ட்டன் மானிங் இருந்தார். தூரம் கொடுத்தாலும் அவர் வந்துவிடுவார், பந்தையே கொடுக்காமல் இருந்தால்தான் தப்பலாம் என்பது பெலிச்சிக்கின் கணக்கு. மயிரிழையில் தவறியது. இண்டியானாபொலிஸ் 35-34 என்று வென்றது. கணக்குத் தெரிந்தவர்களில் பலர் அந்த முடிவு சரியென்றே சொன்னார்கள். மற்றவர்கள் ஒரு வாரம் அவரை வறுத்தெடுத்தார்கள். மூன்று கோப்பை வென்ற பெலிச்சிக்குக்கே அந்தக் கதி. வேலைக்கு வந்து இரண்டே வருடமான ஒருவர் அதைச் செய்திருந்தால்?

உதைத்துத் தோற்றால் ஆட்டக்காரர்கள் தோற்றார்கள் என்று எழுதுவார்கள். மோதித் தோற்றால் பயிற்றுநர் தோற்கடித்தார் என்று எழுதுவார்கள். பாதுகாப்பான முடிவு என்று நாம் பேர்வைத்திருப்பது பெரும்பாலும் முடிவெடுக்கிறவருக்குத்தான் பாதுகாப்பு. அணிக்கு அது பாதுகாப்பா என்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அலுவலகத்தில் கோப்பை மேசைக்கு மேசை நகர்த்தியவர்களுக்கு இது புதிதாக இராது.

கணக்குக் கட்சியும் ஒழுங்காக அடி வாங்கியிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆர்கன்சாவின் லிட்டில் ரொக் நகரில் புலாஸ்கி அகடமி என்ற பள்ளி. அதன் பயிற்றுநர் கெவின் கெலி கிட்டத்தட்ட உதைப்பதே இல்லை என்று வைத்துக்கொண்டு, மாநிலப் பட்டங்களை வரிசையாக வென்றார். 2021-இல் பிரெஸ்பிற்றேரியன் கல்லூரி அவரை அழைத்துக்கொண்டது. அங்கே இரண்டு வெற்றி, ஒன்பது தோல்வி; ஒரே பருவத்தோடு விலகினார். கணக்கு மாறவில்லை, எதிரே நின்றவர்கள் மாறிவிட்டார்கள். ஓர் அணியின் பலத்தில் கட்டிய விகிதங்களை இன்னோர் அணியின் தோளில் ஏற்ற முடியாது.

கண்டிக்கு இந்த ஆட்டம் வந்தது படிக்கிற பையன்கள் வழியாக. 1891-இல் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் பதினொரு மாணவர்களோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் கிங்ஸ்வூட் கல்லூரி ஆனது அது. தொடக்கத்திலேயே றக்பியையும் கொண்டுவந்தார். பதினைந்து பேர் ஆடும் ஆட்டத்தைப் பதினொரு பேர் இருந்த பள்ளியில் யோசித்தவர் நிச்சயம் மூலைக்கு உதைக்கிற கட்சியாகத்தான் இருந்திருப்பார். 1906-இல் போகம்பறையில் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதியதே இலங்கையின் முதல் பாடசாலை றக்பிப் போட்டி. வெற்றி தோல்வியில்லாமல் முடிந்தது. 1874-இல் தோன்றிய கண்டி விளையாட்டுக் கழகம், தொண்ணூறுகளிலிருந்து நித்தவெல மைதானத்தை வைத்துக்கொண்டு நாட்டின் கழக றக்பியையே தன் வீட்டுச் சொத்தாக்கிக்கொண்டது. கொழும்பில் கிரிக்கெட் பேசுகிற வாய்கள் இங்கே ரகர் பேசும். முச்சக்கர வண்டிக்காரர், மார்க்கட்டில் மரக்கறி விற்பவர், வங்கி முகாமையாளர் எல்லாருக்கும் லைன் அவுட்டில் பந்தை எந்த ஆளுக்கு எறிந்திருக்க வேண்டும் என்பது தெரியும். பேச்சு சிங்களத்தில் தொடங்கித் தமிழுக்குத் தாவும், நடுவில் ஆங்கிலம் வந்து போகும்.

இங்கே பாடசாலை ஆட்டத்தில் முடிவெடுப்பவன் கோட்டுச் சட்டைப் பயிற்றுநர் அல்ல, பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன். தண்ணீர்ப் போத்தல் என்ன சொன்னாலும் நடுவர் முன்னால் கையை நீட்டுவது அவன் கை. அவனுக்குப் பின்னால் பழைய மாணவர் சங்கம் உட்கார்ந்திருக்கிறது. அப்பா ஆடியிருப்பார், சித்தப்பா ஆடியிருப்பார், எதிரணித் தலைவனின் மாமாவோடு அதே மைதானத்தில் மூக்குடைந்த கதை வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்கப் பயிற்றுநருக்கு வேலை போகும் பயம். இந்தப் பையனுக்குள்ள பயம் வேறு மாதிரி: இந்தச் சிறிய ஊரில், நாற்பது வயதிலும் பெரஹராக் கூட்டத்தில் யாராவது நிறுத்தி, 'நீதானே அன்றைக்கு மூன்றை எடுக்காமல் விட்டது?' என்று கேட்பார்கள்.

மூன்றை எடு என்ற புத்திமதி எங்கிருந்து வந்தது? அதற்கொரு வயது உண்டு. 1971 வரை ட்ரைக்கும் மூன்று புள்ளிதான், பெனல்டிக்கும் மூன்று புள்ளிதான். கன்வேர்ஷனால் வரும் இரண்டு மட்டுமே வித்தியாசம். அந்தக் காலத்தில் எட்டுப் பேர் சேற்றில் புரண்டு ட்ரை போடுவதும் ஒருவன் நின்று உதைப்பதும் பலகையில் ஒரே எண்தான். அன்றைய பையனுக்கு மூன்றை எடு என்பதைவிட நல்ல அறிவுரை இருந்திருக்க முடியாது. 1971-இல் ட்ரை நான்கானது, 1992-இல் ஐந்தானது. பெனல்டி மட்டும் மூன்றிலேயே நின்றுவிட்டது. விலைவாசி ஏறிவிட்டது, தாத்தாக்கள் பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அவர்கள் தவறாகப் பேசுவதாகச் சொல்ல மாட்டேன். சரியாகவே பேசுகிறார்கள், வேறொரு ஆட்டத்தைப் பற்றி.

புதிய விலையில் கணக்கு எப்படி வரும் என்று பார்க்கலாம். கம்பங்களிலிருந்து முப்பது மீற்றர், இடது டச்சுக் கோட்டுக்குப் பக்கம், சாய்ந்த கோணம். பையன் பத்துக்கு ஆறு போடுவான் என்று வைத்துக்கொள்வோம். அந்த உதையின் விலை ஒன்று தசம் எட்டுப் புள்ளி. மூலைக்குப் போனால்? ட்ரை விழுந்து, இரண்டுக்கு ஒரு கன்வேர்ஷனாவது உள்ளே போனால் சராசரி ஆறு புள்ளி. ஆகவே லைன் அவுட்டிலிருந்து பத்துக்கு மூன்று தடவை கோட்டைத் தாண்டினாலே இரண்டும் சமன். கம்பத்துக்குள்ள வாய்ப்பில் பாதி இருந்தால் போதும். நல்ல மோல் கட்டத் தெரிந்த எட்டுப் பேருக்கு இது பெரிய காரியமல்ல.

இதற்கு மேல், ரோமர் சொன்ன அந்த மறைந்திருக்கும் விலை. மூன்று புள்ளி போட்டால் எதிரணி நடுக்கோட்டிலிருந்து நம் பக்கத்துக்கு ஆழமாக உதைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும். பந்து நம்மிடம் வரும், ஆனால் நாம் நம் கோட்டுக்குக் கிட்ட நிற்போம்; அதிலிருந்து வெளியே வருவதே ஒரு வேலை. மூலையில் தவறினால் அவர்கள் கையில் பந்து இருக்கும், ஆனால் முதுகு தங்கள் கோட்டோடு ஒட்டியிருக்கும். அவசரமாக டச்சுக்கு உதைப்பார்கள், முப்பது நாற்பது மீற்றரில் மறுபடி நம் லைன் அவுட். தோற்ற முயற்சியும் மைதானத்தின் நல்ல பாதியிலேயே நம்மை விட்டுவைக்கிறது.

பிறகு மழை வருகிறது. பாடசாலைப் பருவம் பாதி ஓடும்போதே தென்மேற்குப் பருவக்காற்றும் வந்துவிடும். கண்டியில் பத்து நிமிடத்தில் ஆட்டம் வேறாகிவிடும். பந்து மீன்போல் வழுக்கும். லைன் அவுட்டில் எறிகிறவனின் விரல் பிடிக்காது. தாவுகிறவனைத் தூக்கிப் பிடிக்கும் இருவரின் கால் நிலத்தில் ஊன்றாது. பத்துக்கு மூன்று என்பது சட்டென்று இரண்டுக்கு இறங்கும். உதைப்பவனுக்கும் இது விருந்தல்ல: சேற்றில் பிளாஸ்டிக் தட்டை வைத்துப் பந்தை நிமிர்த்தி, நிற்கிற காலை எங்கே ஊன்றுவது என்று சப்பாத்தால் நிலத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பான். முன்பெல்லாம் தட்டு கிடையாது. ஒரு சிறுவன் வாளியில் மணல் கொண்டு ஓடிவருவான், உதைப்பவன் மண்டியிட்டு மணலைக் குவித்து, உச்சியில் விரலால் குழி செய்து பந்தைச் சாய்த்து வைப்பான். அவன் நிதானமாகக் கட்டக் கட்ட எதிர்ப்பக்கத்துக் கூச்சல் ஏறும். மோலைத் தள்ளுகிற எட்டுப் பேரின் கால்களைவிட அந்த ஒற்றைக் காலுக்கு மழையால் வரும் நட்டம் குறைவு என்பது என் அனுமானம். ஈரத்தில் தாத்தாக்களின் பட்டியலுக்கு மறுபடி கொஞ்சம் உயிர் வருகிறது.

கணக்கு முழுவதையும் தலைகீழாக்கும் போட்டி ஒன்று உண்டு. கொழும்பு ரோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1920-இலிருந்து மோதி வருகின்றன. ரோயல் அதிபராக இருந்த ஈ. எல். பிரட்பி கொடுத்த கேடயத்துக்காக 1945-இலிருந்து ஆடுகிறார்கள். ஒரு வருடத்தில் இரண்டு ஆட்டம்; ஒன்று அங்கே, ஒன்று இங்கே, கண்டிப் பக்கத்து ஆட்டம் முன்பு போகம்பறையில், பிற்காலத்தில் பல்லேகலையில். இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் கேடயம் யாருக்கென்று தீர்ப்பார்கள். இதனால் ஒரு விசித்திரம். முதல் ஆட்டத்தில் பன்னிரண்டு புள்ளி பின்னால், கடைசி நிமிடம், பெனல்டி. வேறு எந்தப் போட்டியிலும் கம்பத்தைக் காட்டுகிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். பன்னிரண்டு ஒன்பதாவதில் யாருக்கு லாபம்? பிரட்பியில் அந்த மூன்று புள்ளி அடுத்த ஆட்டம்வரை உயிரோடிருந்து கேடயத்தையே தூக்கிக்கொண்டு வரலாம்.

இன்னொரு நிலைமையை யோசித்துப் பாருங்கள். முதல் ஆட்டத்தை எட்டுப் புள்ளியால் வென்ற அணி, இரண்டாவதில் ஆறு புள்ளி பின்னால் நிற்கிறது. நேரம் முடிந்துவிட்டது, பந்து நம்முடைய பெனல்டியாக வந்திருக்கிறது. ஓடிப்போய் ட்ரையும் கன்வேர்ஷனும் எடுத்தால் இந்த ஆட்டத்தையும் ஒரு புள்ளியால் வெல்லலாம். பந்து தவறிப்போய் எதிரணி ஒரு ட்ரை போட்டால் கேடயம் போய்விடும். புத்தியுள்ளவன் பந்தைக் காலால் தட்டியெடுத்து, உடனே டச்சுக்கு வெளியே உதைப்பான். (தட்டாமல் நேராக டச்சுக்கு உதைத்தால் லைன் அவுட் ஆடித்தான் ஆக வேண்டும் என்பது விதியின் குறும்பு. அந்த ஒரு தட்டை மறந்தவன் ஆயுளுக்கும் மறக்க மாட்டான்.) அவன் ஓர் ஆட்டத்தைத் தோற்றுக்கொண்டே கேடயத்தை வெல்கிறான். தோற்ற புள்ளிப் பலகைக்குக் கீழே கேடயத்தைத் தூக்கிப் பிடிக்கும் பையன்களின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் தயங்கித்தான் வரும். பதினெட்டு வயதுக்கு அது பிடிபடாத வெற்றி. அமெரிக்கக் கணக்குக்காரர்களுக்கு இதைக் காட்டினால் மகிழ்ந்துபோவார்கள்.

விளைவைப் பார்த்து முடிவை அளப்பது எவ்வளவு பிழையானது என்பதற்கு, 2015 உலகக் கிண்ணம் ஒரே வாரத்தில் ஒரு ஜோடியைக் கொடுத்தது. செப்டெம்பர் 19, பிரைட்டன். ஜப்பான் 29, தென்னாபிரிக்கா 32. கடைசி மூச்சில் ஜப்பானுக்குப் பெனல்டி. அதுவரை உலகக் கிண்ண வரலாற்றிலேயே ஒரே ஒரு ஆட்டம் வென்றிருந்த நாடு. இரண்டு தடவை கிண்ணம் வென்ற அணியோடு சமன் என்பதே திருவிழா. பயிற்றுநர் எடி ஜோன்ஸ் மூன்றை எடுக்கவே விரும்பினார். தலைவர் மைக்கல் லீச் ஸ்க்ரம் கேட்டார். எதிரணி மஞ்சள் அட்டையால் பதினான்கு பேருக்குச் சுருங்கியிருந்ததை மைதானத்தில் நின்றவர் மறக்கவில்லை. கார்ன் ஹெஸ்கெத் மூலையில் விழுந்தார், 34-32. செப்டெம்பர் 26, ட்விக்கன்ஹம். இங்கிலாந்து 25, வேல்ஸ் 28. முடிவதற்குச் சற்று முன் பெனல்டி, ஓரமான கோணம். அன்று ஓவன் ஃபாரலின் கால் பிசகவே இல்லை. தலைவர் கிறிஸ் ரொப்ஷோ மூலைக்குச் சொன்னார். லைன் அவுட்டில் பந்தை அவரே முன்னால் பிடித்தார், வேல்ஸ் எல்லாரையும் சேர்த்து டச்சுக்கு வெளியே தள்ளிவிட்டது. ஒருவரைப் பற்றித் திரைப்படம் எடுத்தார்கள். மற்றவரின் பெயர் தவறான முடிவுக்கு உதாரணமாகிவிட்டது.

இரண்டும் ஒரே முடிவல்ல என்று வாதிடலாம். நானும் வாதிடுவேன்: லீச்சுக்கு முன்னால் ஆள் குறைந்த எதிரணி, கையில் வேகம், ரொப்ஷோவுக்கு முன்னால் முழு வேல்ஸ், கையில் தவறாத கால். ஆனால் ஊர் இப்படிப் பிரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. பந்து கோட்டைத் தாண்டியதா என்பதை மட்டும் பார்த்தது.

விளையாட்டிலிருந்து வாழ்க்கைக்குப் பாடம் எடுப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. விளையாட்டில் அடுத்த சனிக்கிழமை உண்டு. இருந்தாலும் இந்த மலைகளுக்குள் தமிழில் யோசிக்கிறவன், வைத்திருப்பதைப் பற்றிக்கொள்வதா கொடுத்துவிட்டுத் தூரம் வாங்குவதா என்ற கேள்வியை ஆட்டத்தில் மட்டும் சந்தித்தவனல்ல. 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகியிருந்த, இந்திய வம்சாவளியினரான ஏறக்குறைய ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். யாரையும் கேட்காமல் போட்ட கணக்கு. பிறகுதான் விண்ணப்பம் வந்தது: எந்த நாடு என்று நீயே எழுதிக்கொடு. கலகாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் மடுல்கலையிலிருந்தும் கடதாசிக் கட்டோடு கண்டியிலுள்ள இந்திய அலுவலகத்துக்கு ஏறி இறங்கியவர்கள் எடுத்த முடிவு, இந்த ஊரில் எடுக்கப்பட்ட முடிவுகளிலெல்லாம் பெரியது.

இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தவர்கள் ஒதுக்கிய எண்ணிக்கையைவிடக் குறைவு. பெரும்பாலானவர்கள் இருப்பதைப் பற்றிக்கொள்ளவே பார்த்தார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று எழுதிக்கொடுத்த குடும்பங்களும் உண்டு. எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. பசி பலரைத் தலைமன்னார்க் கப்பலுக்குத் தள்ளியது. கண்டிச் சீமையிலிருந்து போனவர்களுக்குக் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்தில் மறுபடி தேயிலைதான் கிடைத்தது. 1983 ஜூலை இனக்கலவரம் வந்தபோது, போனவர்கள் புத்திசாலிகள் என்று இங்கே சொன்னார்கள். நீலகிரிக் குளிரில் கடனோடு நின்றவர்கள், இருந்தவர்கள் புத்திசாலிகள் என்று அங்கே சொன்னார்கள். 1984-இல் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே லயத்தில் கிடந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 2003-இல் வந்த சட்டம் அவர்களுக்கும் இந்த நாட்டுக் குடியுரிமை கொடுத்தது. கையை நீட்டிக் காட்டிவிட்டால் மாற்ற முடியாது என்று சொல்லப்பட்ட முடிவை, நாற்பது வருடம் கழித்து நடுவரே மாற்றினார்.

எழுதிக்கொடுத்த அந்தத் தாத்தாக்களை இன்றும் கல்யாண வீட்டில் நிற்கவைத்து விசாரிக்கிறார்கள். 'அப்பவே போயிருந்தா', 'அப்பவே போகாம இருந்திருந்தா' என்று. பயிற்றுநருக்காவது பாதுகாப்பான பக்கம் என்று ஒன்று இருந்தது. அவர்களுக்கு அதுவும் இல்லை. ட்ரைக்கு எத்தனை புள்ளி என்பதையே ஆட்டம் முடிந்த பிறகு தீர்மானித்தார்கள். எழுதிக்கொடுத்த நாளில் அவர்கள் கையில் என்ன இருந்தது, கண்ணுக்கு எவ்வளவு தெரிந்தது என்று கேட்கிறவர் குறைவு. பெலிச்சிக்குக்காகப் பரிந்து பேசப் பேராசிரியர்கள் இருந்தார்கள்.

ஆட்டத்துக்கே திரும்புகிறேன், அங்கே கேள்வி சிறிது, ஆகவே நேர்மையாக இருப்பதும் சுலபம். அண்மையில் வந்த ஒரு விதி எனக்குப் பிடித்திருக்கிறது. 2021-இல் பரீட்சார்த்தமாக வந்து மறு வருடமே நிலைத்துவிட்டது. நம் பாதிக்குள்ளிருந்து உதைத்த பந்து, எதிரணியின் 22 மீற்றர்ப் பகுதிக்குள் நிலத்தில் பட்டுத் துள்ளி டச்சுக்குப் போனால், லைன் அவுட்டில் எறிவது நாமே. அதாவது பந்தைக் கொடுக்காமலே தூரம் வாங்கலாம். இதைத் தடுக்க எதிரணி தன் தடுப்பு வரிசையிலிருந்து ஆளைப் பின்னால் இழுக்க வேண்டும். இழுத்தால் ஓட இடம் பிறக்கும். உதைப்பவன் கோழை, ஓடுபவன் வீரன் என்ற பிரிவினையில் ஒரு செங்கல்லையாவது இந்த விதி உருவிவிட்டது. கிங்ஸ்வூட்டிலிருந்து வந்து கண்டிக்கும் நாட்டுக்கும் பத்தாம் இலக்கத்தில் ஆடிய பாஸில் மரிஜா போன்றவர் கையில் இது கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று சில சமயம் கற்பனை செய்வதுண்டு.

எனக்கென்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பெனல்டி விழுந்ததும், அணித் தலைவன் கை நீட்டுவதற்கு முன்பே, என் தீர்ப்பைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுவேன்: மூலை, அல்லது மூன்று, காரணத்தோடு. பிறகு மாற்ற வழியில்லை. பலமுறை வாங்கிக் கட்டிக்கொள்வேன். என் பக்கத்தில் வழக்கமாக உட்காரும் பெரியவர், ஓய்வுபெற்ற தபால் அதிபர், அப்படிச் செய்ய மாட்டார். உதை முடியும்வரை தொப்பியைச் சரிசெய்துகொண்டு பேசாமல் இருப்பார். பந்து கம்பத்தைத் தாண்டியதும், அல்லது தாண்டாமல் போனதும், முழங்கையால் என்னை இடித்து, "நான் சொன்னேனே தம்பி" என்பார். நான் அறிய அவர் கணிப்பு ஒரு நாளும் பிழைத்ததில்லை.